‘லேட்டஸ்ட்’டுக்குள் இருந்த ‘டெஸ்ட்’

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த ஒரு சிப் வடிவமைப்பு நிறுவனத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் ஆத்திரம்தான் வருகிறது. அதில் பாதி என்மீதே.

சிப்புக்குள் ஓடும் சிக்னல்கள் உரிய நேரத்துக்குள் போய்ச் சேருகின்றனவா என்று கணினியில் சரிபார்ப்பது என் வேலை. ஒரு சிப்புக்குள் சிக்னல் நுழைந்து வெளியேறும் முனைகள், அதாவது பின்கள், லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட முடியாது. பெயரில் பொதுவாக வரும் ஒரு துண்டை எழுதி, முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டால், அந்தத் துண்டு இருக்கும் எல்லாப் பின்களும் மொத்தமாகச் சிக்கிவிடும். சோதனைக்கான பின்களுக்கு இந்த நேரக் கணக்கு தேவையில்லை. அதனால், பெயரில் ‘டெஸ்ட்’ என்று வருகிற எல்லாவற்றையும் கணக்கில் இருந்து விட்டுவிடு என்று கணினிக்கான கட்டளைகள் அடங்கிய ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதினேன்.

எங்கள் குழுவில் ஒப்பந்தத்தில் சேர்ந்த ஓர் அக்கா இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். இங்கேயே பிறந்தவர், வீடு செங்காங்கில். ஒருநாள் மடிக்கணினியோடு என் மேசைக்கு வந்தார்.

“இங்க பாரு, நாப்பது பின்தான் வரணும். உன்னோட வரி ஐம்பத்தாறு பிடிக்குது. என்னோட ‘லேட்டஸ்ட்’ சிக்னல் எல்லாம் உள்ள போயிருச்சு லா.”

ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால், ‘லேட்டஸ்ட்’ என்ற சொல்லின் கடைசி நான்கு எழுத்தும் ‘டெஸ்ட்’தான்! உண்மையிலேயே வேலை செய்கிற பதினாறு பின்களை யாரும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம். நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தில் வந்தவர் என் வேலையில் குறை சொல்வதா என்ற திமிர், வேறென்ன?

அவர் விடவில்லை. அன்று மாலைக் கூட்டத்தில் மறுபடி சொன்னார். எங்கள் மேலாளரும் தமிழ்தான். “டூல் எரர் எதுவும் காட்டலைல்ல? அப்ப விடுங்க, அடுத்தது பாப்போம்” என்று முடித்துவிட்டார். அந்த வரியை எழுதிய நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அக்கா அந்தப் பதினாறு பெயர்களையும் பட்டியல் போட்டு எங்கள் இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். அதை நான் திறக்கக்கூட இல்லை.

சில மாதங்கள் கழித்து, தயாரான சிப் எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்தது. கொஞ்சம் சூடானதும் தப்புத் தப்பாகப் பதில் சொன்னது. குழு முழுவதும் மூன்று வாரம் அலசியது. கடைசியில் போய் நின்ற இடம் அந்த ‘லேட்டஸ்ட்’ பின்கள். அப்போதுதான் அக்காவின் மின்னஞ்சலைத் திறந்தேன். நாங்கள் மூன்று வாரம் தேடியது முதல் வரியிலேயே இருந்தது.

அடுத்த நாள் மேலாளரின் அறிக்கை எல்லோருக்கும் வந்தது. காரணம்: “குழப்பமான முறையில் பெயரிடப்பட்ட சிக்னல்கள்.” அதாவது, பெயர் வைத்த அக்காவின் தவறு! அந்த மாதத்தோடு முடியும் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்றும் பேச்சு வந்தது. நேராக மேலாளரின் அறைக்குப் போனேன்.

“சார், அந்த வரி நான் எழுதினது. அவங்க அப்பவே சொன்னாங்க. உங்களுக்கும் மெயில் போட்டாங்களே!”

அவர் கதவைச் சாத்திவிட்டு, ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற குரலில் சொன்னார்: “ஏம்மா, உன் பேர நான் எங்கயாவது போட்டேனா? நீயா எதுக்கு வந்து மாட்டிக்கிற? அவங்க எப்படியும் போறவங்கதானே.”

போறவங்க என்றால் பழியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்து அனுப்பலாமா? என் இடத்துக்கு வந்து, அந்த அறிக்கைக்கு எல்லோரும் பார்க்கும்படி பதில் எழுதினேன். வரி என்னுடையது, எச்சரித்தவர் அக்கா, கேட்காதவர்கள் நானும் மேலாளரும் என்று எழுதி, அக்காவின் பழைய மின்னஞ்சலையும் இணைத்தேன்.

அறிக்கையில் காரணம் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் மாறியது. அக்காவின் ஒப்பந்தம் முடிந்தது முடிந்ததுதான். அடுத்த வாரம் நடந்த பெரிய கூட்டத்தில் துறைத் தலைவர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, “இந்த நேர்மைதான் நமக்கு வேண்டும்” என்று பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள், மேலாளர் உட்பட. அதே நேரத்தில் அக்கா கீழே வரவேற்பறையில் தன் நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

அந்தச் சனிக்கிழமை தேக்கா சந்தையில் இருவரும் சாப்பிடப் போனோம். மன்னிப்புக் கேட்டேன். அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே, “கோபம் இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்” என்றார். பிறகு, “புது இடத்துல ரெஃபரன்ஸ் கேக்குறாங்க. உன் பேரக் கொடுக்கவா?” என்றார்.

நடந்தது அத்தனையையும் ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். கிளமெண்டி பக்கம் ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. நானும் பிறகு வேறு இடத்துக்கு மாறிவிட்டேன்.

என்னை இன்றும் யாராவது நேர்மையானவள் என்று புகழ்ந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உரிய நேரத்தில் உண்மையைச் சொன்னவரை வெளியே அனுப்பிவிட்டு, எல்லாம் கெட்ட பிறகு ஒப்புக்கொண்டவளுக்குக் கை தட்டிய அறை அது, அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டவள் நான்.