பனியாற்றில் இருந்தவனுக்குப் போன சேதி

என் கொழுந்தனை ஊர் எகெம் என்று கூப்பிடும். கணவர் வீட்டு ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்களிடம் இல்லை. எனக்கு அவன் சின்னவன். என் கணவர் தவறிப்போன பிறகு அந்த வீட்டில் மிச்சம் இருந்தது நாங்கள் மூன்று பேர்: மாமியார் பாத்மகான், நான், சின்னவன்.

ஆறு குதிரைகள் அவனுக்கு. எங்கள் கோடை மேய்ச்சல் மேட்டைத் தேசியப் பூங்காவில் சேர்த்த பிறகு, சுற்றுலாக் குழுவுக்கு மூட்டை சுமக்கிற குதிரையை மட்டும்தான் காவலர்கள் உள்ளே விடுகிறார்கள். மேயத்தான் வந்தது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் சின்னவன் சுற்றுலாவில் சேர்ந்தான். அவன் அப்பா ஆடு மேய்த்த இடத்துக்கு வெளிநாட்டுக்காரர்களின் கூடாரத்தைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போவான். அவர்கள் பனியாற்றைப் பார்த்து வாய் பிளக்கும்போது இவன் தேநீருக்கு அடுப்பு மூட்டுவான்.

நல்ல சிரிப்புக்காரன். பாஷை தெரியாதவர்களையே சிரிக்க வைப்பான். பருமனான ஒரு ஆள் குதிரையில் ஏறினால், குதிரையின் காதில் ஏதோ ரகசியம் சொல்லி மன்னிப்புக் கேட்பது போல நடிப்பான். ஏறியவரே விழுந்து விழுந்து சிரிப்பார். கல்யாணம் மட்டும் அவனுக்கு அமையவில்லை. "ஆறு பொண்டாட்டி இருக்காளுங்க, எல்லாரும் நாலு காலு" என்று என்னிடம் சொல்வான். "அதான் உன் மேல அந்த வாசம்" என்பேன் நான்.

குழுவை நடத்துகிறவன் எல்தியார். பக்கத்து ஊர்ப் பையன்தான், நகரத்தில் படித்தவன். செயற்கைக்கோள் தொலைபேசி அவன் கையில் இருக்கும். மேலே வேறு எந்தத் தொலைபேசியும் வேலை செய்யாது.

போன கோடையில் சின்னவன் ஒரு குழுவோடு போய்ப் பனியாற்றின் அடியை எட்டியிருந்தபோது, காலையில் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள், உட்கார்ந்தாள், அவ்வளவுதான். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு உள்ளே கிடத்தினோம். ஊர்ப் பெரியவர் ஜப்பார் சுற்றுலா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்.

எப்படிச் சொன்னார் என்பது முக்கியம். தூரத்தில் இருக்கிறவனிடம் சாவை நாங்கள் சொல்ல மாட்டோம். வழியில் அவன் தனியாக உடைந்துபோகக் கூடாது. வீட்டு வாசலில் நாலு பேர் தாங்கிப் பிடிக்க நிற்கும்போதுதான் சொல்வோம். அதனால் ஜப்பார் சொன்னது இதுதான்: "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல. சின்னவன் வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போகட்டும்." எங்கள் மலையில் பிறந்த எவனுக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். கேட்ட உடனே சேணம் கட்டுவான்.

மதியத்துக்குள் எல்தியாருக்குச் சேதி சேர்ந்துவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஆள் அனுப்பியிருக்கலாமே என்று இப்போது கேட்கிறார்கள். சேர்ந்த சேதிக்கு யார் ஆள் அனுப்புவார்? பனியாற்று அடியிலிருந்து வீட்டுக்கு ஒரு பகல் சவாரி. விடிந்தால் வந்துவிடுவான் என்று இருந்தோம்.

விடிந்தது. வரவில்லை. பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தோம். ஆண்கள் வெளியே கம்பு ஊன்றி நின்று, ஆற்றங்கரைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரை நான்தான் கழுவினேன். மகன் பார்க்கட்டும் என்று முகத்தை மட்டும் மூடாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மதியம், வெயிலுக்கு இனித் தாங்காது என்று முல்லா சொல்லிவிட்டார். முகத்தைத் துணியால் கட்டினதும் நான்தான். ஆண்கள் எடுத்துப்போய் அடக்கம் செய்தார்கள்.

அன்று சாயங்காலம் குழு பனியாற்றிலிருந்து இறங்கிய பிறகுதான் எல்தியார் அவனிடம் வாயைத் திறந்திருக்கிறான். சின்னவன் மறுநாள் காலை வந்தான். மகன் எப்படி வர வேண்டுமோ அப்படி, தூரத்திலிருந்தே "அம்மா" என்று கத்திக்கொண்டு குதிரையை விரட்டி வந்தான். முற்றத்தில் கூடாரம் இல்லை. பிரித்துவிட்டோம். புல் மட்டும் வட்டமாக மஞ்சளாய்க் கிடந்தது. குதிரையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

ஒரு வாரம் கழித்து எல்தியார் துக்கம் கேட்க வந்தான். ஓர் ஆடு கொண்டுவந்தான், முறையாக அழுதான், ஜப்பாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். யாரும் கேட்கும் முன்பே அவனாகவே சொன்னான். பனியாறு ஆபத்தான இடம், மனசு கலங்கினவன் அங்கே வெடிப்பில் விழுந்துவிடுவான், அதனால்தான் பெரியவர்கள் வழக்கப்படி சேதியை வைத்திருந்தேன் என்றான். பிறகு தன் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான்.

"அண்ணன் எவ்வளவு சந்தோஷமா இருந்தாருன்னு பாருங்க. இந்த முகத்துக்கிட்ட எப்படிச் சொல்றது?"

படம் கை மாறி வந்தது. பனி மேட்டின் உச்சியில் சின்னவன், இரண்டு வெளிநாட்டுப் பெண்களுக்கு நடுவில், தொப்பியைக் குதிரையின் தலையில் மாட்டிவிட்டு வாய் நிறையச் சிரிக்கிறான். சேதி சேர்ந்த மறுநாள் எடுத்தது. பெரியவர்கள் தலையாட்டினார்கள். பையன் விவரமாகத்தான் நடந்திருக்கிறான் என்றார் ஜப்பார்.

சின்னவன் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என்னிடம் கேட்டான்.

"அண்ணி, இத எடுத்தப்ப அம்மா எங்க இருந்தாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"கூடாரத்துலதான். மொகத்த மூடல. உனக்காக வச்சிருந்தேன்."

அவன் கைபேசியைக் கம்பளத்தின் மேல் மெதுவாக வைத்தான், உடைந்துவிடும் என்பது போல.

நான் எல்தியாரைப் பார்த்துச் சொன்னேன்: "தம்பி, செத்த சேதியத்தான் நாங்க மறைப்போம். வீட்டுக்குக் கிளம்புங்கறத மறைக்கறது எந்த ஊரு வழக்கம்? இவன் போனா குதிரையும் போயிருக்கும். உன் ஆளுங்க கூடாரத்தை நீயே முதுகுல தூக்கியிருக்கணும். அதைச் சொல்லு."

பொம்பளை துக்க வீட்டில் குரல் உயர்த்தக் கூடாது என்றார் ஜப்பார். நான் குரலை உயர்த்தவே இல்லை. எல்தியாரின் கிண்ணத்தில் விளிம்பு வரைக்கும் தேநீர் ஊற்றினேன். மதிப்புள்ள விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம், திரும்பத் திரும்ப ஊற்றலாம் என்று. நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். எல்லாரும் பார்த்தார்கள். அவன் கையில் சிந்தச் சிந்தக் குடித்துவிட்டு எழுந்தான்.

சின்னவன் அவனை வழியனுப்ப வெளியே போனான். திரும்பி வந்து, வியாழக்கிழமை அடுத்த குழு என்றான்.

அவன் போகாமல் என்ன செய்வான்? ஆறு குதிரைகளுக்கும் புல் மேலேதான் இருக்கிறது. எந்தக் குதிரைகளை உள்ளே விடலாம் என்று காவலர்களிடம் பட்டியல் கொடுப்பவன் எல்தியார். இந்தக் கோடையிலும் போகிறான். சிரிக்கிறதில்லை என்று எல்தியார் குறைப்படுகிறானாம், வருகிறவர்களுக்கு அவனைப் பார்த்தால் பயமாக இருக்கிறதாம்.

போன முறை அவன் சேணம் கட்டும்போது நான் வாசலில் நின்று சொன்னேன். எனக்கும் வயசாகிறது, எனக்கு ஏதாவது ஆனால் முடியல, கிடியல என்று சுற்றி வளைக்காமல், 'அண்ணி செத்துட்டா' என்றே சேதி அனுப்பச் சொல்லப்போகிறேன், வழக்கம் போனால் போகட்டும் என்று.

அவன் வாரை இழுத்துக் கட்டினான். என் பக்கம் திரும்பவில்லை.

"எப்படிச் சொன்னா என்ன, அண்ணி. எல்தியார்கிட்டதானே சொல்லுவீங்க."