யாழினிக்கு யாரும் கோ கொடுக்கவில்லை

பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, விக்கிரமசிங்கபுரத்தில் சாயங்காலம் பெண் பிள்ளைகளுக்குக் கோ-கோ சொல்லிக் கொடுக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் மல்லுக்கட்டிய பெரிய ஆட்டம் யாழினி விஷயம்தான்.

பதினோரு வயசுப் பிள்ளை. வீட்டிலேயே அம்மாவிடம் படிக்கிறவள். முதல் நாளே மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "நீ எந்த ஸ்கூல்ட்டி?"

"ஸ்கூல் போவல. வீட்ல படிக்கேன்."

அவ்வளவுதான். ஃபெயிலாயிட்டா, ஸ்கூல்ல வெரட்டி விட்டுட்டாவ, மண்டையில ஏதோ கோளாறு என்று ஆளுக்கொன்று கிளப்பினார்கள். எங்கள் டீமில் வேகமான ஓட்டக்காரி கவிப்பிரியா. அவள் அம்மா செல்வி நேரே என்னிடமே வந்தாள்.

"டீச்சர், பள்ளிக்கூடமே போவாத புள்ளையோட பழகி எம்மவளும் நாளைக்குப் போவ மாட்டேன்னு நின்னா யாரு பதில் சொல்லுவா? அவள நிறுத்திருங்க."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஒழுங்கா ஓடாட்டி நிறுத்துவேன். வீட்ல படிக்கதுக்கெல்லாம் நிறுத்த மாட்டேன். போய்ட்டு வா."

செல்வியை அனுப்பிவிடலாம். பிள்ளைகளை என்ன செய்வது? கோ-கோவில் விரட்டுகிற அணியில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி துரத்துவாள். அவள் பின்னால் வந்து முதுகில் தட்டி "கோ" சொன்னால்தான் உட்கார்ந்திருப்பவள் எழுந்து ஓடலாம். யாழினியின் முதுகை ஒருத்தியும் தட்டவில்லை. பக்கத்தில் வந்தவள்கூடத் தாண்டிப் போய் அடுத்தவளுக்குக் கொடுத்தாள். நான் சத்தம் போட்டால் அன்றைக்கு ஒரு கோ விழும். மறுநாள் பழையபடிதான்.

ஒரு சாயங்காலம் யாழினியின் அம்மா கேட்டருகே நின்றார். "வீட்ல வந்து அழுதா டீச்சர். அவ வயசுல ஒரு சேக்காளி கெடையாது. இங்கன கிடைக்கும்னுதான் கூட்டியாந்தேன். இந்த வாரத்தோட நிறுத்திருதேன்."

"வாரம் முடியட்டும்மா. அதுவரைக்கும் அவ எம் பொறுப்பு" என்றேன்.

மறுநாள் ஒரு பயிற்சி வைத்தேன். உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் யாரை யாரிடம் போகச் சொல்லிச் சைகை காட்டுகிறேனோ, அவள் வாய் திறக்காமல் போய் முதுகில் தட்ட வேண்டும். தட்டியது யார் என்று சொன்னால்தான் எழுந்திருக்கலாம். பாதிப் பேர் தப்புத் தப்பாகச் சொன்னார்கள். ஒரே சிரிப்பு.

யாழினியின் முறை வந்தது. "மகேசு" என்றாள். சரி. மறுபடி உட்கார வைத்தேன். "பேச்சி." அதுவும் சரி. கவிப்பிரியாவைப் பைய நடந்து போகச் சொல்லிச் சைகை காட்டினேன். கை முதுகில் படுமுன்பே "கவி" என்றாள்.

கவிப்பிரியாவுக்குத் தாங்கவில்லை. "ஏட்டி, கள்ளத்தனமா கண்ணத் தொறந்தியா?"

"இல்ல. நடக்கையில ஒனக்குக் குதிங்கால் தரையில தேயும். எனக்குத்தான் யாரும் கோ குடுக்க மாட்டியளே. சும்மா உக்காந்து ஒங்க காலடியத்தான் கேட்டுக்கிட்டு இருப்பேன். ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் வாரியன்னு நெனைப்பேன்."

குறையாகக்கூடச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். கவிப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அங்கே உட்கார்ந்து புத்திமதி சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று விசிலை ஊதி ஆட்டத்தை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்திலேயே கவிப்பிரியா ஓடி வந்து யாழினியின் முதுகில் ஓங்கித் தட்டினாள். "கோ!"

வாரம் முடிந்தது. யாழினியின் அம்மா அவளை நிறுத்தவில்லை.

பிறகு அம்பாசமுத்திரத்தில் ஒரு போட்டி. எதிர் டீம் பிள்ளை யாழினியிடம் அதே கேள்வியைக் கேட்டாள். "வீட்ல படிக்கேன்" என்று இவள் நிமிர்ந்து நின்று சொன்னாள். அந்தப் பிள்ளை சிரிக்குமுன் கவிப்பிரியா குறுக்கே வந்தாள். "இவளுக்கு முதுகுலயும் கண்ணு உண்டு. ஓடிப் பாரு, தெரியும்." தண்ணீர் பாட்டிலோடு நின்ற செல்வி, மகளை விட்டுவிட்டு யாழினிக்கு முதலில் நீட்டினாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒதுக்கப்பட்ட பிள்ளைக்காக மற்றப் பிள்ளைகளிடம் கெஞ்சாதீர்கள். ஆட்டத்துக்குள்ளேயே வழி பண்ணுங்கள். அந்த முதுகில் ஒரு கை விழும்வரை கிரவுண்டை விட்டு நகராதீர்கள்.