கிட்ட நிற்கும் பெயர்

ரொறன்ரோவில் இருந்து ராசனின் மகள் ஒரு சோதனைக் கேள்வியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் போக எழுதுகிற பொதுப் பரீட்சையாம். ஆங்கில வசனம். அதில் இரண்டு ஆண்கள், பின்னால் ஒரு 'அவன்'. அந்த அவன் யாரென்று தெளிவாகும்படி திருத்த வேண்டும். "மாமி, நீங்கள் ரீச்சர்தானே, சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தாள். தமிழ் ரீச்சரிடம் ஆங்கில இலக்கணமா என்று சிரிப்பு வந்தது. கூடவே ரோணியோ அச்சு மையின் மணமும் வந்தது.

அந்த மணம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எண்பதுகளில் சண்டிலிப்பாய் ரியூட்டரியில் ஞாயிறுதோறும் மாதிரி வினாத்தாள் தருவார்கள். தொட்டால் விரல் கறுக்கும். வாசிக்க முதல் தாளை மணந்து பார்ப்போம். அப்படி ஒரு தாளில்தான், "கண்ணன் வேலனைக் கண்டபோது அவன் அழுதான். அழுதவன் யார்?" என்ற கேள்வி வந்தது. கண்ணன், வேலன், இருவரும், கூற முடியாது என்று நான்கு விடைகள். நான் 'கூற முடியாது' என்பதற்குக் கீழே கோடு போட்டேன். எங்கள் பேச்சில் இவனுக்கும் அவனுக்கும் நடுவே உவன் என்றொருவன் இருக்கிறான் அல்லவா? வேலன் என்றால் 'உவன்' என்று எழுதலாமே என்று தாளின் ஓரத்தில் மாஸ்ரருக்குப் புத்தி வேறு எழுதியிருந்தேன். அவர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

"உவன் வீட்டிலை நிக்கட்டும் பிள்ளை. சோதினைக்கு அவன் மட்டும்தான் வாறவன். கிட்ட நிக்கிற பெயரைப் பிடி, புள்ளி விழும்."

பிடித்தேன், விழுந்தது. ஓ.எல். சோதனையில் தமிழுக்கு டி, அந்தக் காலத்தின் ஆக உயர்ந்த சித்தி. ஊரார் கடிதம் வாசிக்க என்னைத் தேடி வந்தார்கள். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்.

அடுத்த வருடம் பக்கத்து வளவுச் சின்னம்மாவின் பிள்ளைகள் இருவரும், தேவன் அண்ணையும் ராசனும், கொழும்புக்கு பஸ் ஏறினார்கள். ஆமிக்காரர் பிடிப்பார்கள் என்று இளந்தாரிகளை ஊரில் வைத்திருக்கப் பயந்த காலம். அங்கே கடை வைத்திருந்த ஊரவர் ஒருவரிடம் போய்ச் சேர்வதாக ஏற்பாடு. பத்து நாளில் அவருடைய கடிதம் வந்தது. சின்னம்மா அதை எடுத்துக்கொண்டு எங்கள் குசினிக்குள், அடுப்படிக்கே ஓடிவந்தார். பெரியவன், சின்னவன் என்று கதைக்கிற மாதிரியே எழுதியிருந்தால் பிழைத்திருப்போம். மனிதர் நல்ல தமிழில் எழுதியிருந்தார்: "தேவன் ராசனைக் கூட்டிக்கொண்டு வரும்போது வழியில் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவன் இங்கே சுகம்."

"ஆர் பிள்ளை அவன்?" என்று சின்னம்மா என்னைக் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் கோயிலுக்கு நேத்தி வையன்" என்றார் என் அம்மா.

"மறியலிலை இருக்கிறவனுக்கு வைக்கிற நேத்தியை வெளியிலை நிக்கிறவனுக்கும் வைக்கலாமோ அக்கா? அவனையும் பிடிச்சுக் குடுத்த மாதிரியெல்லே."

கூற முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் சரியான விடை. ஆனால் சின்னம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவோ டி எடுத்த வாய்.

"ராசன்தான் சின்னம்மா. கிட்ட நிக்கிற பெயர் அதுதான்."

தந்தி அடித்தோம், மறுமொழி இல்லை. ஐந்து வெள்ளிக்கிழமை சின்னம்மா கீரிமலைக் கேணியில் முழுகி, ஈரச் சேலையோடு கோயிலுக்குப் போய், ராசனின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அருச்சனை செய்தார். ஆறாம் கிழமை ஒரு கடிதம் வந்தது. ராசனின் கோழிக்கிறுக்கல் எழுத்து. "அம்மா, நான் சுகம். அண்ணையைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை." 'நான்' என்பதில் மட்டும் யாருக்கும் குழப்பம் வராது.

சின்னம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். கடிதத்தைப் பார்த்தபடி, "அஞ்சு வெள்ளியும் பெரியவன்ரை பெயரை நான் ஒருக்காலும் சொல்லேல்லையே" என்றார்.

தேவன் அண்ணை வரவேயில்லை. அதன் பிறகு சின்னம்மா இளையவனைப் பெயர் சொல்லித்தான் கதைப்பார். "அவன் இருந்தால் உந்தக் கூரையை மேஞ்சிருப்பான்" என்பார். "அவனுக்கு முருங்கைக்காய்க் கறி எண்டால் காணும், வேறையொண்டும் கேளான்" என்பார். கிட்ட ஒரு பெயரும் நிற்காது. ஆனாலும் எந்த அவன் என்று வளவில் ஒருவரும் கேட்டதில்லை.

'அவனை எடுத்துவிட்டுப் பெயரையே எழுது பிள்ளை' என்று ராசனின் மகளுக்குப் பதில் போட்டேன். சின்னம்மா போய்ப் பல வருடம். அம்மாவும் இல்லை. இப்போது தேவன் அண்ணையைப் பற்றி யாரிடம் சொன்னாலும் நானும் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. வெறும் அவன் என்றால், எந்த அவன் என்று கேட்கிறார்கள்.