தொட்டிக்குத் தோண்டிய பள்ளம்

பள்ளத்தின் அடியில் முதலில் ஓர் ஈரக்கறைதான் தெரிந்தது. எங்கள் சைட் மேனேஜர் விளிம்பில் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் அது கணுக்கால் அளவு தண்ணீராகிவிட்டது. மழை இன்னும் தொடங்கவில்லை. பக்கத்தில் உடைந்த குழாய் எதுவும் இல்லை. திட்டம் கைநழுவிப் போய்விடுமோ என்று மாதக்கணக்காக நாங்கள் பயந்துகொண்டேதான் இருந்தோம். ஆனாலும் அன்று அவர் முகத்தில் பார்த்த பயம் வேறு.

தொண்ணூறுகளின் நடுவில், நஞ்சன்கூட்டுக்கு வெளியே ஒரு சாயத் தொழிற்சாலை கட்டும் வேலை. படிப்பை முடித்த கையோடு இன்ஜினியராகச் சேர்ந்திருந்தேன். மைசூர் விஜயநகரில் அக்கா வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். மேனேஜர் கொள்ளேகால் பக்கத்துக்காரர். என்னை ‘அம்மணி’ என்றுதான் கூப்பிடுவார். சுற்றுச்சூழல் அனுமதி வராததால் கட்டுமானம் நின்றுபோயிருந்தது. கழிவுநீர்த் தொட்டி வரும் இடத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும்படி அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். பெங்களூரில் இருந்த எங்கள் தலைமை அலுவலகம் சோதிக்காமலே, வறண்ட பூமி என்று பதில் அனுப்பியது. அதே கேள்வி திரும்பி வந்தது. அதே பதில் மறுபடி போனது.

கௌதள்ளியிலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் காத்துக் கிடந்தன. அவர்களில் ஒரு பெண் காலையில் வந்து நிற்பாள்.

“இன்னிக்காவது வேலை உண்டுங்களா சார்?”

“இந்த வாரம் ஆயிரும் தாயி” என்பார் மேனேஜர். அவள் போனதும் என் பக்கம் திரும்புவார். “சட்டம் போடறவங்களுக்கு என்னங்க அம்மணி? ரூம்ல உக்காந்து போட்டர்றாங்க. இவங்களுக்குப் பதில் சொல்றது நாமதான?” எனக்கும் அது சரியாகவே பட்டது. திட்டத்தையே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று பெங்களூரிலிருந்து போனில் மிரட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் உத்தரவு வந்தது. அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். மழை தொடங்குமுன் தொட்டியைக் கட்டிவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேனேஜர் தயங்கினார், ஆனாலும் தொடங்கினார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் கொட்டகைகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்படித் தோண்டிய பள்ளத்தில்தான் தண்ணீர் ஊறியது.

அவர் எழுந்து வேலியைத் தாண்டி ஊர்க் கிணற்றுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். எட்டிப் பார்த்தோம். பள்ளத்தில் தண்ணீர் நின்ற அதே மட்டத்தில் கிணற்றிலும் நின்றது. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவளிடம், இது எதற்கு என்று கன்னடத்தில் கேட்டார். “குடியோதே இது, சார்” என்றாள் அவள். குடிப்பதே இதைத்தான்.

திரும்பி வந்து, ஓடிக்கொண்டிருந்த கான்கிரீட் மிக்ஸரை நிறுத்தச் சொன்னார். அவரே பெங்களூருக்குப் போன் போட்டார். “தொட்டி நாளைக்கு ஒரு விரிசல் விட்டாலும் சாயத் தண்ணி நேரா அந்தக் கெணத்துக்குத்தானுங்க போகும். நான் கட்ட மாட்டனுங்க. அதிகாரிங்க கேட்டப்பவே ஒரு குழி போட்டுப் பாத்திருந்தா இந்தத் தாமசமே இல்லீங்க.” மறுமுனையில் கத்துவது எனக்கே கேட்டது. போனை வைத்தார். “பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறேன் அம்மணி. வேலை போயிருச்சுன்னா என்ன பண்றது?” என்றார்.

வேலை போகவில்லை. ஆனால் மழைக்கு முன்பே அவரைத் தொலைதூரத்து சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தினமும் வந்து கேட்ட அந்தப் பெண் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். தொட்டி மேட்டுப் பக்கத்துக்கு மாறியது, சோதனை நடந்தது, உண்மையான பதில் போனது. அதற்குப் பிறகும் அனுமதி சீக்கிரம் வந்துவிடவில்லை. அதிகாரி மாற்றலாகிவிட்டார், புதியவர் பார்க்க வேண்டும் என்று இழுத்தார்கள். ஆகவே, விதிகளால்தான் தாமதமா என்று இன்று யாராவது என்னைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்ல முடிவதில்லை. ஒரு மழைக்காலம் தள்ளிப்போனது உண்மை. அதில் எங்கள் பங்கு எவ்வளவு, அதிகாரிகள் பங்கு எவ்வளவு என்று பிரிக்கத்தான் தெரியவில்லை. அதில் எந்தப் பங்கும் இல்லாத கௌதள்ளிக்காரர்கள்தான் பிழைப்பை இழந்தார்கள்.

தொழிற்சாலை திறந்த பிறகு மேனேஜர் ஒருமுறை போனில் கூப்பிட்டார். திறப்பு விழாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“தொட்டி கசியுதுங்களா அம்மணி?”

“இல்ல சார். இப்பத்தான் பாத்துட்டு வந்தேன்.”

“இன்னிக்குக் கசியல, சரி. நாளைக்கும் போய்ப் பாருங்க” என்றார்.

அந்தக் கம்பெனியை விட்டு வரும்வரை பார்த்தேன். அதன் பிறகு யார் பார்த்தார்கள் என்று தெரியாது. நஞ்சன்கூடு சாலையில் காரில் போகும்போது, அந்த இடம் வந்ததும் என் கண் தானாக அந்த ஊர்க் கிணற்றைத் தேடுகிறது.