நம்பர் அக்காவும் மூன்றாவது சுவிட்சும்

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு இருந்த ஒரே எதிரி, நான் நேரில் பார்த்தேயிராத ஒரு அம்மாள். டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்யும் ரிப்போர்ட்டுகளை வீட்டிலிருந்தபடியே டைப் செய்து அனுப்புகிறவர். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் அறையில் அவர் நம்பர் அக்கா. தினமும் மூன்று தடவை போன் செய்து, "தம்பி, நம்பர் மாறிடுச்சு" என்பார். பிறகு புதிய நம்பரைப் புள்ளி புள்ளியாகச் சொல்வார், கடைசியில் மன்னிப்புக் கேட்பார். இரண்டு வருடமாக இதுதான் நடந்தது.

விஷயம் சின்னது. நோயாளிகளின் விவரம் இருக்கும் இடம் என்பதால், பட்டியலில் எழுதியுள்ள ஐபி முகவரி என்கிற இணைப்பு நம்பரிலிருந்து வருகிறவர்களை மட்டும்தான் எங்கள் சர்வர் உள்ளே விடும். வீட்டு இணைப்புகளுக்குக் கிடைப்பதோ டைனமிக் முகவரி. அது கேன்டீன் டோக்கன் மாதிரி. உட்கார்ந்திருக்கும்வரை உங்களுடையது. எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தால் கையில் வேறு நம்பரைத் திணிப்பார்கள். மோடத்தை அணைத்துப் போட்டால் அவருடைய இன்டர்நெட் கம்பெனி செய்வது அதைத்தான். ஸ்டாட்டிக் முகவரி என்பது ஊழியர் லாக்கர். ஒரு மாதம் லீவில் போய் வந்தாலும் உங்கள் நம்பர் உங்களுக்குத்தான். இதை அவருக்கு ஆறு தடவை விளக்கியிருக்கிறேன். ஆறாவது தடவை கொஞ்சம் சத்தமாக.

முதல் நாளே வம்பு. நம்பரைக் கேட்டால், மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் உள்வீட்டு நம்பரைச் சொன்னார். அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும், பக்கத்து வீட்டிலும் அநேகமாக அதேதான் இருக்கும் என்றேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். "போய்ப் பாத்துட்டேன் தம்பி. அதேதான் இருக்கு" என்றார். இப்படிப்பட்ட மனுஷியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வேலையில் மட்டும் குறை சொல்ல வழியில்லை. ஒருமுறை ஒரு டாக்டர் மேல்வரியில் இடது கால் என்றும் கீழ்வரியில் வலது கால் என்றும் பேசிவிட்டுப் போய்விட்டார். எந்தக் கால் என்று கேட்டு ஆஸ்பத்திரியையே உலுக்கி எடுத்தவர் அக்காதான். ஒரு கால் பிழைத்தது. டாக்டர் நன்றி சொன்னதாகத் தகவல் இல்லை.

போன வருடக் கடைசியில் மேனேஜர் சுற்றறிக்கை அனுப்பினார். வருகிற ஒன்றாம் தேதி முதல் மாறாத முகவரி உள்ளவர்கள் மட்டுமே பட்டியலில் இருக்கலாம். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து டைப் செய்யவேண்டும். வர முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம். விட்டது சனியன் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்வானேன். அவரிடம் படித்துக் காட்டினேன்.

"வரவும் முடியாது தம்பி, விடவும் முடியாது. இந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடுது" என்றார். புதிய நம்பரைச் சொல்லிவிட்டு வழக்கம்போல் மன்னிப்பும் கேட்டார்.

எனக்கு உறுத்தியது அவருடைய கஷ்டம் அல்ல, என் தொழில் கௌரவம். எந்த மோடமும் ஒரு நாளைக்கு மூன்று தடவை சாகாது. ஸ்டோரிலிருந்து புது மோடம் ஒன்றை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன்.

மாடியில் இரண்டு அறைகள். முன் அறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில், கட்டிலில் அவர் கணவர். அச்சகத்தில் இருபத்தாறு வருடம் மெஷின் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. இடது கை நன்றாக இருந்தது. அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில் சுவிட்ச் போர்டு. ஃபேன், லைட், மோடம், அழைப்பு மணி என்று நான்கு சுவிட்ச். ஜன்னல் வழியாகத்தான் கேபிள் வருகிறது என்பதால் மோடமும் அங்கேயே அலமாரியில் இருந்தது. உள் அறையில் அக்காவின் கம்ப்யூட்டர். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய் உட்கார்ந்தார்.

பதினொன்று ஐந்துக்குக் கணவர் கையை நீட்டி மூன்றாவது சுவிட்சை அணைத்தார். என் கண்முன்னால், நிதானமாக.

உள்ளே விசைப்பலகைச் சத்தம் நின்றது. அக்கா வந்தார். என்ன வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று நிமிடம்தான். பிறகு அக்கா சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போனார். என் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எடுத்தால், பக்கத்து அறையிலிருந்து அவரேதான், "தம்பி, நம்பர் மாறிடுச்சு" என்றார்.

மோடத்தை வேறு பிளக்கில் மாட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்று நான் எழுந்தேன். அக்கா ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"வேணாம் தம்பி. மணி அடிச்சா, இதோ வரேன்னு சொல்லிட்டு டைப் பண்ணிக்கிட்டே இருப்பேன். அது அவருக்குத் தெரியும். இது அணைஞ்சா நான் வந்துதானே ஆகணும்? அவர் கையில இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் பிடுங்கிட்டா அப்புறம் எதுக்கு நான் வீட்ல இருக்கேன்?"

கக்கத்து மோடத்தோடு வந்த வழியே திரும்பினேன். அக்காவுக்கு இன்டர்நெட் கொடுத்த கம்பெனி ஸ்டாட்டிக் முகவரியை நிறுவனங்களுக்குத்தான் கொடுக்கும். ஆஸ்பத்திரியின் கடிதம் வேண்டும். 'பணியிடத்தில் மோடத்தை அடிக்கடி அணைக்கவேண்டிய அவசியம் உள்ளது' என்று எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன். என்ன அவசியம் என்று கேட்டார். சொன்னேன். திருத்தம் போடாமல் எதிலும் கையெழுத்துப் போடாத மனிதர் அவர். 'அடிக்கடி' என்பதை அடித்து 'தோன்றும்போதெல்லாம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.

முப்பதாம் தேதி இணைப்பு மாறியது. நானே போய்ச் சரிபார்த்தேன். கிளம்பும்போது கணவரிடமும் ஒரு வார்த்தை சொன்னேன். இனிமேல் அணைத்தாலும் நம்பர் மாறாது, பழைய நம்பரிலேயே திரும்பி வரும், அக்கா யாருக்கும் போன் செய்யவேண்டாம் என்று. அவர் தலையை அசைத்தார்.

ஒன்றாம் தேதி எனக்குப் போன் வரவில்லை. பதினோரு மணி தாண்டியும் வராதது என்னவோ போலிருந்தது. சர்வர் பதிவைத் திறந்து பார்த்தேன். பதினொன்று ஐந்துக்கு இணைப்பு அறுந்து, அதே நம்பரில் திரும்பியிருந்தது. பதினொன்று இருபதுக்கு மறுபடி. பதினொன்று நாற்பதுக்கு மறுபடி. சாயங்காலம் நான்கு மணிக்கு எண்ணினால் பத்தொன்பது. மோடம் நிஜமாகவே கெட்டுவிட்டது என்று பயந்து, முதல் தடவையாக நானே அவரைக் கூப்பிட்டேன்.

"மோடத்துக்கு ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. "காலையிலேருந்து ஒரு ரிப்போர்ட்டை முழுசா முடிக்க விடல. இனிமே போன் பண்ண வேணாம்னு நீங்க சொல்லிட்டுப் போனீங்கல்ல? இத்தனை நாளும் மூணோட நிறுத்திக்கிட்டு இருந்திருக்கார்."

இரண்டு வருடம், தினமும் மூன்று தடவை, தனக்காக மனைவி எவனோ ஒருவனிடம் மன்னிப்புக் கேட்பதை அந்த மனிதர் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆறாவது தடவை நான் கத்தியதும் அவர் காதில் விழுந்திருக்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"இருங்க தம்பி, கூப்பிடறார்" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

திரையில் இணைப்பு அறுந்தது. ஐந்து நிமிடம் கழித்து அதே நம்பரில் திரும்பி வந்தது.