கேமரா ஸ்டேஷனுக்கு வாங்கிய கூலர்

1. மெயில் வந்த காலை

ஓசூரில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டி வண்டி பாகங்கள் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் பத்தொன்பது வருடமாக சிஸ்டம் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, நெட்வொர்க் கேபிள் எல்லாம் என் பொறுப்பு. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்ல என்னிடம் சில கதைகள் உண்டு. இது அப்படிப்பட்டது இல்லை.

ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை. பெங்களூரு பக்கத்துக் கஸ்டமரிடமிருந்து காலையிலேயே மெயில் வந்துவிட்டது. நாங்கள் அனுப்பிய பிராக்கெட்டில் ஒன்பது பீஸுக்கு நடு ஓட்டையே இல்லை, அசெம்பிளி லைன் நின்றுவிட்டது என்று போட்டோவோடு எழுதியிருந்தார்கள். முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓடிய லாட் அது.

அந்த பிராக்கெட் கேமரா ஸ்டேஷனைத் தாண்டித்தான் வெளியே போகும். பிரஸ்ஸிலிருந்து வரும் ஒவ்வொரு பீஸையும் கேமரா படம் எடுக்கும். பக்கத்து இரும்பு கேபினெட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஓட்டைகளை எண்ணி நல்லதா கெட்டதா என்று சொல்லும். கெட்டது என்றால் கன்வேயர் முனையில் இருக்கும் ஃபிளாப் அதை ரிஜெக்ட் டப்பாவில் தள்ளிவிடும். நல்லதை எடுத்து டிரேயில் அடுக்குவது முனிரத்னம்மாவின் வேலை. ஏழு வருட ஆபரேட்டர், நாற்பது வயதிருக்கும், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

குவாலிட்டி மேனேஜர் தண்டபாணி கோயமுத்தூர்க்காரர். நேராக லைனுக்கு வந்தார். முப்பது பேர் பார்க்க, போட்டோவை அந்தம்மா முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏம்மா, கண்ணு எங்கம்மா இருந்துச்சு? ஓட்டையே இல்லாத பீஸு டிரேல போயிருக்குது. ரிஜெக்ட் டப்பாவுல இருந்து எடுத்து அடுக்கிப்போட்டயா?"

"நான் எதுக்குங்க சார் அதுல இருந்து எடுக்கறன்? மத்தியானத்துக்கு மேல நல்ல பீஸு ரிஜெக்ட்ல விழுது, மெசின் தப்பா தள்ளுதுன்னு மாதேஷ் சார்கிட்ட ரெண்டு தடவ சொன்னன். அவரையே கேளுங்க."

மாதேஷ் நான்தான். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அவர் சொன்னது உண்மை. இரண்டு தடவையும் நான் போனில் ஏதோ பார்த்துக்கொண்டே, "கேமரா கண்ணாடிய துணியால தொடச்சு விடுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

"ஏதோ சொன்னாங்க சார். கரெக்டா ஞாபகம் இல்ல" என்றேன்.

முனிரத்னம்மா கையுறையைக் கழற்றி டிரே மேல் வைத்தார். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி பத்து மணிக்குள் அவரை கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

2. விளக்கு எரியும் கூலர்

இங்கே இரண்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

பிப்ரவரியில் அந்த ஸ்டேஷன் கம்ப்யூட்டரின் ஃபேன் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பிராசசர் சூடாகாமல் இருக்க, அதோடு கம்பெனியே கொடுக்கும் சின்ன கூலர் அது. எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து பேரிங் போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் என்றால் பர்ச்சேஸ் ஆர்டர் இல்லாமல் நானே வாங்கிக்கொள்ளலாம். ஆன்லைனில் பார்த்தேன். சூட்டை இழுக்க நாலு ஹீட் பைப், பெரிய ஃபேன், சுற்றிலும் கலர் விளக்கு, நல்ல ரேட்டிங். மாட்டுவதும் சுலபம்: நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பின், மதர்போர்டு ஓட்டையில் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று உட்கார்ந்துகொள்ளும். போர்டைக் கழற்ற வேண்டியதில்லை, பத்து நிமிட வேலை.

என் ரூமில் மேசை மேல் வைத்து மாட்டினேன். அரை மணி நேரம் முழு லோடு கொடுத்து ஓட்டினேன். அறுபத்திரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. என் ரூமில் ஏசி உண்டு. நான்கு பேரைக் கூப்பிட்டு விளக்கு எரிவதைக் காட்டினேன். பிறகு கொண்டுபோய் இரும்பு கேபினெட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இருநூறு டன் பிரஸ்ஸுக்கும் அந்த கேபினெட்டுக்கும் நடுவே ஆறடிகூட இருக்காது. மேலே தகரக் கூரை.

3. வியாழக்கிழமை

முனிரத்னம்மா போன பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. புதன்கிழமை நாலைந்து தடவை லைனுக்குப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு போனேன். எல்லாப் பீஸையும் கையால் செக் பண்ண ஆள் போட்டிருந்தார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், மூடினேன்.

வியாழக்கிழமை மதியம் இரண்டரைக்கு கம்ப்யூட்டரின் லாக் ஃபைலைத் திறந்தேன். ஒவ்வொரு பீஸுக்கும் முடிவு சொல்ல எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று அதில் வரிசையாக இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் அறுபது, எழுபது. ஒன்றரை மணிக்கு மேல் நூற்றைம்பது. மூன்று மணிக்கு முந்நூற்றுக்கும் மேல். ஃபிளாப் காத்திருப்பது இருநூற்றைம்பதுதான். அதற்குள் முடிவு வராவிட்டால் கெட்ட பீஸ் தாண்டிப் போய்விடும். தாமதமாக வந்த உத்தரவில் அதற்கு அடுத்து வரும் நல்ல பீஸ் ரிஜெக்ட்டில் விழும். முனிரத்னம்மா இரண்டு தடவை என்னிடம் சொன்னது இதைத்தான்.

கேபினெட்டைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. உள்ளே கலர் விளக்குகள் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தன. பிரஸ் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கூலர் லேசாக ஆடியது. விரலால் தொட்டுப் பார்த்தேன். கீழ்ப் பக்கத்து பின் ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. இரண்டு மாத அதிர்வில் கழன்றிருக்கிறது. கூலர் பிராசசர் மேல் சரியாகப் படியவில்லை. டெம்பரேச்சர் தொண்ணூற்றொன்பது. இவ்வளவு சூட்டில் பிராசசர் எரிந்துபோகாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலத்தான் தெரியும்.

அப்போது நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். கட்டை விரலை வைத்து அந்த பின்னை அழுத்தினேன். 'டக்' என்றது. இரண்டு நிமிடத்தில் டெம்பரேச்சர் எழுபத்தைந்துக்கு இறங்கியது. கதவைப் பூட்டினேன். சுற்றிலும் பார்த்தேன், யாரும் கவனிக்கவில்லை.

இனி சாட்சி அந்த லாக் மட்டும்தான். பத்து நாள் பதிவுதான் அதில் நிற்கும், பழையது தானாக அழிந்துகொண்டே வரும். வெள்ளிக்கிழமை மத்தியானப் பதிவு திங்கட்கிழமை மத்தியானம் அழிந்துவிடும். நான் பொய் சொல்ல வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.

4. அணைக்கட்டில்

லாக்கை எடுத்து வைக்க சனிக்கிழமை இரண்டு தடவை பென்டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். இரண்டு தடவையும் மாட்டாமல் திரும்பினேன்.

ஞாயிறு சாயந்தரம் மனைவி சாந்தியோடு கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போனேன். வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தவன் எழுந்தேன். சும்மா நாலு அடி நடந்து வந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். வாங்கிய மீன் வறுவல் ஆறிக்கொண்டிருந்தது.

"செவ்வாக்கெழமைல இருந்து இப்பிடித்தான் இருக்கறீங்க. என்னான்னு சொல்லுங்க, இல்லன்னா வண்டிய எடுங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பதிவு திங்கக்கெழம அழிஞ்சிடும்னு எப்ப இருந்து தெரியும்?"

"வியாழக்கெழம."

மீன் வறுவல் காகிதத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வண்டிப் பக்கம் நடந்தாள்.

5. தண்டபாணி சார் ரூம்

திங்கள் காலை ஷிப்ட் தொடங்கும் முன்பே போய் லாக் ஃபைலை எடுத்துக்கொண்டேன். பிரிண்ட் போட்டு, முந்நூறைத் தாண்டிய வரிகளுக்குக் கீழே கோடு போட்டு, தண்டபாணி சாரின் மேசையில் வைத்தேன். கூலரை, பின்னை, நான் அழுத்தியதை, அந்தம்மா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்ததை எல்லாம் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வியாழக்கிழமையே தெரியுமுங்களா உங்களுக்கு?"

"தெரியும் சார்."

"நாலு நாளா அந்தம்மா வீட்ல உக்காந்திருக்குது. நீங்க இங்க என்ர கூட டீ குடிச்சிட்டு இருந்திருக்கறீங்க."

நான் சொன்னதையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு, எனக்கு மெமோ வரும் என்றார். அந்தம்மாவுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டார்கள் என்றும், ஹெச்ஆரை விட்டு போன் பண்ணித் திரும்ப வரச் சொல்வதாகவும் சொன்னார். போன் வேண்டாம், நானே போகிறேன் என்றேன்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் அவர் குடியிருந்தார். போனபோது வாசலில் உட்கார்ந்து வேறொரு கம்பெனியின் அப்ளிகேஷனை நிரப்பிக்கொண்டிருந்தார். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். அவர் பேனாவை மூடவில்லை.

"நாளைக்கு இவங்க இன்டர்வியூக்கு கூப்டிருக்காங்க. ஏழு வருசம் செஞ்ச எடத்துல ஏன் வுட்டுட்டு வந்தன்னு கேட்டா என்னா சொல்றதுன்னு அதத்தான் யோசன பண்ணிட்டு இருந்தன்."

"தப்பு என்னுதுங்க. மேனேஜர்கிட்ட எழுத்துல குடுத்துட்டன். நீங்க நாளைக்கே வரலாம், சம்பளம் புடிக்க மாட்டாங்க."

"மேனேஜர் ரூமுக்குள்ள சொன்னா ஆவாது சார். என்னை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுத்தான திட்டுனாங்க. நீங்களும் அங்கதான சொல்லணும்."

சரி என்றேன். அவர் அப்ளிகேஷனைத் தூக்கிப் போடவில்லை. மடித்து ஒரு கவருக்குள் வைத்துக்கொண்டார்.

6. எல்லார் முன்னாடியும்

செவ்வாய் காலை எட்டு மணி ஷிப்ட் மீட்டிங்கில் நான் பேசினேன். முப்பது பேர் இருந்தார்கள். என்ன பேசினேன் என்பது முழுதாக ஞாபகம் இல்லை. "முனிரத்னம்மா ரெண்டு தடவ சொன்னாங்க, நான் காதுல வாங்கல, அப்புறம் ஞாபகம் இல்லன்னு பொய் சொன்னன்" என்று சொன்னது மட்டும் வார்த்தைக்கு வார்த்தை நினைவில் நிற்கிறது. தண்டபாணி சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் முடித்ததும் முன்னால் வந்து, "நானும் விசாரிக்காம பேசிப்போட்டனுங்க" என்று அந்தம்மாவைப் பார்த்துச் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு லைனுக்குப் போய்க் கையுறையை மாட்டிக்கொண்டார்.

7. இரண்டாவது கூலர்

இதற்கெல்லாம் பிறகு கூலர் விஷயத்தில் தண்டபாணி சார் ஒரேயடியாக மறு எல்லைக்குப் போய்விட்டார். "காசப் பாக்காதீங்க, பெருசா லிக்விட் கூலர் போட்ருங்க" என்றார். நான் வேண்டாம் என்றேன். கேமரா ஸ்டேஷனில் இருப்பது அறுபத்தைந்து வாட் பிராசசர். அதற்கு நல்ல ஏர் கூலரே போதும். அதிர்கிற இடத்தில் தண்ணீர்க் குழாய் கசிந்தால் போர்டே போய்விடும்.

இந்தத் தடவை முதலில் முனிரத்னம்மாவிடம் போனேன். எப்போது ரொம்பச் சூடாக இருக்கும் என்று கேட்டேன். "ரெண்டு மணில இருந்து நாலு வரைக்கும். அப்பறம் அந்தப் பெரிய டை போட்டு ஓட்டறப்ப மேசையே குதிக்கும் சார், டிரேய புடிச்சுக்கினுதான் நிக்கணும்" என்றார். டை என்பது பிரஸ்ஸில் மாட்டும் இரும்பு அச்சு. குறித்துக்கொண்டேன். கேபினெட்டைத் திறந்து, பிராசசர் மேலிருந்து கதவு மூடும் இடம் வரை ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன். பதின்மூன்று சென்டிமீட்டர். போர்டில் நிற்கும் ரேம் மெமரி எவ்வளவு உயரம், ஃபேன் எந்தப் பக்கம் காற்றைத் தள்ள வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருக்கும் ரஃபீக்கிடம் போனேன். அவர் முதலில் எடுத்துப் போட்டது பதினைந்தரை சென்டிமீட்டர் டவர்.

"இது உள்ள போகாது, கதவு மூடாது" என்றேன்.

"எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க, சார். கதவ திறந்து வச்சுக்கறாங்க."

"இது பிரஸ் ஷாப். திறந்து வச்சா உள்ள எண்ணெய்தான் இருக்கும். போர்டுக்குப் பின்னாடி இரும்புத் தகடு குடுத்து ஸ்க்ரூவுல இறுக்கற மாதிரி வேணும். பிளாஸ்டிக் பின் வேண்டாம்."

ரஃபீக் அலமாரிக்கு மேலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினார். பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம், இரண்டு ஹீட் பைப், விளக்கு எதுவும் கிடையாது. பின்தகடும் நாலு ஸ்க்ரூவும் உண்டு. ஃபேன் கெட்டால் ஃபேனை மட்டும் கடையில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். விலை பழையதைவிட இருநூறோ என்னவோ கூட, இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. "இதை யாரும் கேக்கறதே இல்ல" என்று துடைத்துக் கொடுத்தார்.

மாட்ட பத்து நிமிடம் போதவில்லை. மதர்போர்டை முழுதாகக் கழற்றித் தகடு வைத்து, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் பூசி, நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அரை நாள் ஆனது. ஏசி ரூமில் டெஸ்ட் பண்ணவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு, பெரிய டை ஓடும்போது, கேபினெட்டைப் பூட்டி வைத்துப் பார்த்தேன். நாலு மணி வரை அங்கேயே நின்றேன். எழுபத்தெட்டுக்கு மேல் போகவில்லை. முனிரத்னம்மா ரிஜெக்ட் டப்பாவைத் தரையில் கொட்டி ஒவ்வொரு பீஸாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாமே கெட்ட பீஸ்தான்.

"இப்ப சரி" என்றார். என்னிடம் அன்று வேறெதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகும் அவர் என்னிடம் வேலையைத் தவிர அதிகம் பேசியது இல்லை. நானும் அதை எதிர்பார்க்கக் கூடாது என்று இருந்துகொண்டேன்.

அந்த வருடம் எனக்கு இன்கிரிமென்ட் கிடையாது. மெமோ இன்னும் ஃபைலில் இருக்கிறது.

கூலர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உயரத்தை அளந்துகொள்ளுங்கள். எப்படி மாட்டுகிறது என்று பாருங்கள். எந்த இடத்தில் ஓடப்போகிறதோ, எந்த நேரத்தில் அங்கே அதிகச் சூடோ, அந்த இடத்தில் அந்த நேரத்தில் சோதித்துப் பாருங்கள். இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், அந்த மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவர் யார் என்று தெரிந்துகொண்டு அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் பேசும்போது போனைப் பையில் போட்டுவிடுங்கள்.