விருந்தாளியாக ஒரு நாள்

அம்மாவுக்கு ஊர் சுற்றத் தெரியாது. ஊர் சுற்ற வந்தவர்கள் படுத்துக் கலைத்த படுக்கையைச் சரிசெய்யத்தான் தெரியும். அப்பா எங்களை விட்டுப் போன கையோடு ஒரு தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். முழங்கால் தேய்ந்து, விடுதிக்காரர்களாகவே 'போதும்மா' என்று அனுப்பும்வரை அறை அறையாக விரிப்பு மாற்றினாள். நானோ பேருந்து நிலையத்தில் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் டிக்கெட் கொடுக்கிறவள். நாங்கள் இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. நல்ல பொருத்தம்தான்.

"இதயம் ரொம்பத் தளர்ந்துபோச்சு. எதையும் தள்ளிப்போடாதீங்க" என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு வெறியே பிடித்துவிட்டது. கண்ணை மூடுவதற்குள் ஒரு நாளாவது அம்மா விருந்தாளியாக இருக்க வேண்டும். கடல் தெரிகிற அறை, கலங்கரை விளக்கம், படகு, எல்லாம் வேண்டும்.

ஊழியர் சலுகையில் கடைசி வரிசை இருக்கைதான் கிடைத்தது. வழியெல்லாம் குலுக்கி எடுத்தது. சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனதுதான். கடல் தெரியும் என்று சொல்லி விடுதியில் கொடுத்த அறையில், குளியலறை ஜன்னல் வழியாக எக்கிப் பார்த்தால் கையகல நீலம் தெரிந்தது.

"தெரியுதே, போதும்டி" என்றாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதும் போதும் என்றே வாழ்ந்து தீர்த்தவள்.

கலங்கரை விளக்கத்தின் படிகளை அண்ணாந்து பார்த்ததுமே அவளுக்கு மூச்சு வாங்கியது. திரும்பிவிட்டோம். இரவு கட்டிலில் படுக்கவும் மாட்டேன் என்றாள். "யாரோ ஒருத்தி அழகா விரிச்சுப் போட்டிருக்கா. கலைக்க மனசு வரல" என்று தரையில் போர்வையை விரித்துக்கொண்டாள்.

காலையில் நான் குளித்துவிட்டு வந்தால் ஆளைக் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது. வெளியே ஓடினேன். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அம்மா தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அறைக்காரர் வந்து நின்று, "ஏம்மா, இன்னொரு துண்டு கொண்டு வா" என்றார்.

"இதோ சார்" என்று எங்கள் அறைக்குள் போய், எங்கள் துண்டையே எடுத்துக் கொடுத்தாள்.

கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "நீ இங்க விருந்தாளிம்மா! வேலை பாக்கவா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்?"

நாற்காலி நுனியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "அந்த ரூம்ல கட்டில் கலைஞ்சு கிடந்துச்சு. கை சும்மா இருக்க மாட்டேங்குது. கோவிச்சுக்காதே." மூச்சு அடங்கியதும், "எனக்குன்னு ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எதைக் கேட்டாலும், கடன்பட்டாவது வாங்கிக் கொடுத்துவிடுவேன் என்று நின்றேன்.

"நீ படுத்துக் கலைச்ச நம்ம கட்டில் விரிப்பைச் சரியாப் போடலாம். அந்தப் பக்கம் நீ பிடி. ஒத்த ஆளா கட்டிலைச் சுத்திச் சுத்தி வந்தே கால் போச்சுடி. எதிர்ல பிடிக்க ஒருத்தர் வேணும்னு எத்தனை நாள் ஏங்கியிருக்கேன்."

பிடித்தேன். "மெதுவா, மெதுவா! டிக்கெட் கிழிக்கிற மாதிரி இழுக்காதே" என்று சிரித்தாள். விரித்து முடித்ததும் ஒரு சுருக்கம் இல்லை. அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, அதன் நடுவில் கைகால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

படகுக்கான சங்கு ஊதியது. எழுப்பவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் எழுப்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிற்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

வெயில் சாய்ந்தபோது கண் விழித்தாள். "படகுக்கு நேரமாச்சா?"

"படகு இன்னிக்கு ஓடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா."

"நல்லதாப் போச்சு" என்று திரும்பிப் படுத்தாள்.

அந்த வருஷ மழைக்காலம் தொடங்குமுன் அம்மா போய்விட்டாள். துக்கம் கேட்க வந்த சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவைக் கடலுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனியாமே, என்னென்ன பாத்தா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பாக்கல சித்தி. நல்லாத் தூங்கினா" என்றேன்.